பேஸ்மென்டில் நின்றுபோன காரை மேலே கொண்டுவருவது எப்படி? டோயிங் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சென்னையில் டோயிங் வண்டி ஓட்டுகிறவர்களிடம், எந்த வேலை வந்தால் முகம் சுளிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நடுராத்திரி பைபாஸில் பிரேக்டவுன் என்று சொல்ல மாட்டார்கள். 'பேஸ்மென்ட்' என்பார்கள். ஓ.எம்.ஆர். ஐ.டி. கட்டடங்கள், அடுக்ககங்கள், மால்கள், ஆஸ்பத்திரிகள் என்று எங்கே பார்த்தாலும் தரைக்குக் கீழே ஒன்றோ இரண்டோ மூன்றோ தளம் பார்க்கிங். வாசலில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட குழாய் ஒன்று சங்கிலியில் தொங்கும். அதில் 2.1 மீட்டர் என்றோ 2.2 என்றோ எழுதியிருக்கும். காரை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் நம் பிளாட்பெட்டின் கேபினே அதைத் தாண்டும். ஆகவே பெரிய வண்டி தெருவில்தான் நிற்கும். கீழே கிடக்கும் காரைத் தெருவரை கொண்டுவந்து சேர்ப்பது நம் பாடு.

புதிதாக வருகிறவர்கள் எப்படி இழுப்பது என்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்தக் கார் ஏன் உருளவில்லை என்பது. நான்கு சக்கரமும் தடையில்லாமல் சுற்றும் காரை வெளியே எடுப்பது பெரிய வித்தையே இல்லை. உருளாத காரை இழுத்தால்தான் டயர் தேயும், கியர்பாக்ஸ் போகும், தரையில் பூசிய எபாக்ஸி உரியும், அசோசியேஷன் செயலாளர் பில்லோடு வந்து நிற்பார். பேஸ்மென்ட் வேலையில் பாதிக்கு மேல் நேரம் காரை உருளவைப்பதற்கே போகும். அதில் அவசரப்படாதீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு மனதில் இருக்கட்டும். 1500 கிலோ எடையுள்ள கார் சமதளத்தில் நன்றாக உருளும் நிலையில் இருந்தால், அதை நகர்த்த ஏறக்குறைய 25 முதல் 30 கிலோ விசை போதும். இரண்டு பேர் தள்ளினால் போய்விடும். அதே கார், எட்டடி போனால் ஓரடி ஏறும் ரேம்ப்பில் நின்றால் 200 கிலோவுக்கு மேல் வேண்டும். சக்கரம் நான்கும் பூட்டிக்கொண்டு நின்றால் ஆயிரம் கிலோவையும் தாண்டிவிடும். இந்த மூன்று எண்ணையும் புரிந்துகொண்டால் கீழே வரப்போகிற பாதி விஷயம் தானாகவே விளங்கும்.

போனிலேயே முடிக்க வேண்டிய வேலை

அழைப்பு வந்ததும் வண்டியைக் கிளப்பாதீர்கள். முதலில் கேள்வி கேளுங்கள். என்ன கார், எந்த வருட மாடல், மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, எலெக்ட்ரிக்கா? சாவி கையில் இருக்கிறதா? டேஷ்போர்டில் விளக்கு எரிகிறதா? ஹேண்ட்பிரேக் கையால் இழுப்பதா, பட்டனா? எத்தனை நாளாக நிற்கிறது? எத்தனையாவது தளம்? மூக்கு சுவரைப் பார்த்து நிற்கிறதா, வழியைப் பார்த்தா?

சாவி இல்லை என்றால் கதையே வேறு. ஸ்டீரிங் பூட்டிக்கொண்டிருக்கும், திருப்ப முடியாது. உரிமையாளர் அமெரிக்காவில் இருக்கிறார், சாவி அவரிடம் இருக்கிறது என்று சொல்லும் அழைப்புகள் நிறைய வரும். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த கார்கள்தான் நம் தொழிலுக்குச் சோறு போடுகின்றன. அப்படிப்பட்ட காருக்கு உரிமையாளரிடமிருந்து எழுத்தில் ஒப்புதல், ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல் மூன்றும் வாட்ஸ்அப்பிலாவது வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் "என் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, எடுத்துவிடுங்கள்" என்று கூப்பிட்டால் பணிவாக மறுத்துவிடுங்கள். அது அசோசியேஷனும் போலீஸும் பேசி முடிக்க வேண்டிய விவகாரம்.

மூன்று படம் அனுப்பச் சொல்லுங்கள்: நுழைவாயில் உயரப் பலகை, ரேம்ப் வளைவு, கார் நிற்கும் இடம். ரேம்ப்பில் வளைவு இருந்தால் அதை வீடியோவாகவே கேளுங்கள். கட்டணத்தையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. இன்ஷூரன்ஸ் அல்லது கம்பெனியின் சாலை உதவித் திட்டத்தில் வரும் வேலை என்றால், தெருவிலிருந்து கொண்டுபோவதற்கு மட்டுமா, பேஸ்மென்டிலிருந்து வெளியே எடுப்பதற்கும் சேர்த்தா என்று வாடிக்கையாளரையே திட்டத்தாரிடம் கேட்கச் சொல்லுங்கள். பின்னால் சண்டை வருவது இந்த ஓரிடத்தில்தான்.

கார் ஸ்டாக் பார்க்கிங்கின் தட்டில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகக் காரை ஏற்றி நிறுத்தும் இயந்திரத்தில் இருந்தால், அந்த இயந்திரத்தைப் பராமரிக்கும் ஆளை வரவழைத்துத் தட்டைக் கீழே இறக்கிப் பூட்டச் சொன்ன பிறகே காரைத் தொட வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

டேப்போடு நடந்து இறங்குங்கள்

இடத்துக்கு வந்ததும் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு காலால் நடந்து போங்கள். பலகையில் எழுதியிருக்கும் உயரத்தை நம்ப வேண்டாம். கட்டி முடித்தபோது எழுதிய உயரம் அது. அப்புறம் தரையில் ஒரு பூச்சு போட்டிருப்பார்கள், கூரையில் ஏ.சி. டக்ட் ஓட்டியிருப்பார்கள், சி.சி.டி.வி. கேபிள் தட்டு மாட்டியிருப்பார்கள். பீம் எவ்வளவு உயரம் என்பதைவிட, பீமுக்குக் கீழே தொங்கும் சிவப்புக் குழாய் எவ்வளவு உயரம் என்பதே முக்கியம். அந்தக் குழாயிலிருந்து விரல் நீளத்துக்கு எட்டிப் பார்க்கும், தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் முனைக்கு டார்ச் அடியுங்கள். நடுவில் சிவப்புத் திரவம் நிரம்பிய சின்னக் கண்ணாடிக் குமிழ் தெரியும். அது உடைந்தால் தண்ணீர் கொட்டும், பம்ப் ஓடும், கட்டடம் முழுக்க அலாரம் அலறும். டேப்பைத் தரையிலிருந்து அந்த முனைவரைக்கும் பிடியுங்கள். அதுதான் உங்கள் உண்மையான உயரம்.

ரேம்ப்பின் அடிவாரத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. முன்சக்கரம் சமதளத்திலும் பின்சக்கரம் சரிவிலும் நிற்கும் நொடியில், நடுப்பள்ளத்துக்கு மேலே வண்டியின் உடல் தூக்கி நிற்கும். மூன்று மீட்டர் வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம்) உள்ள வண்டியும் எட்டுக்கு ஒன்று சரிவும் என்றால், இந்தத் தூக்கல் ஏறக்குறைய 9 செ.மீ. வரும். 2.05 மீட்டர் உயர வண்டி 2.1 மீட்டர் பீமுக்குக் கீழே போய்விடும் என்று நினைத்து இறங்கினால் சரியாக அந்த இடத்தில் இடிக்கும். பீமின் விளிம்பு எப்போதும் அந்தப் பள்ளத்துக்கு மேலேயே வந்து உட்கார்ந்திருக்கும், என்ன ராசியோ. குறைந்தபட்சம் 15 செ.மீ. இடைவெளி இல்லாமல் எந்த வண்டியையும் கீழே இறக்காதீர்கள். கூரையில் சுழல்விளக்கு இருந்தால் கழற்றிவிடுங்கள்.

நடந்துபோகும்போதே தரையையும் பாருங்கள். வடிகால் கம்பிமூடி எங்கே, தளத்தின் இணைப்புப் பட்டை எங்கே, எண்ணெய் சிந்திய இடம் எங்கே, வேகத்தடை எங்கே என்று மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். உருளாத சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் தள்ளுவண்டியான டாலியின் சின்னச் சக்கரம் போய்ச் சிக்குவது இவற்றில்தான். வளைவில் பக்கத்து கார்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்த்து, தேவைப்பட்டால் இரண்டு மூன்று கார்களை எடுத்துவிடச் சொல்லி செக்யூரிட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அசோசியேஷனே சுறுசுறுப்பாக இருக்காது. அதற்கேற்ப நேரத்தைத் திட்டமிடுங்கள்.

உங்கள் பிளாட்பெட் நிற்கப்போகும் இடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரிய வளாகங்களில் நாம் தெரு என்று நினைக்கும் முற்றம், உண்மையில் பேஸ்மென்டின் கூரையாக இருக்கும். கார் எடைக்குப் போட்ட தளத்தில் லாரியை ஏற்றக் கூடாது. தீயணைப்பு வண்டி போகும் பாதை எது என்று கேட்டு, அதில் மட்டும் நிறுத்துங்கள்.

இன்னொன்று, மூன்றாவது தளத்தில் செல்போன் சிக்னல் இருக்காது. வாக்கிடாக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வளைவில் ஒருவரை நிறுத்தி, அவர் வழியாகக் குரல் கொடுங்கள்.

காரை உருளவையுங்கள்

காரைத் தொடுவதற்கு முன்னால் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பம்பர் கீறல், ரிம் கீறல், கண்ணாடி எல்லாம் தெரியட்டும். தூசி படிந்த காரில் பழைய கீறல் தெரியாது, துடைத்துவிட்டு எடுங்கள்.

பேட்டரி இறந்த கார்தான் அதிகம் வரும். அதற்கு டோயிங்கே வேண்டாம். ஜம்ப் ஸ்டார்ட்டர் போதும். ஸ்டார்ட் ஆகிவிட்டால் உரிமையாளரே ஓட்டிக்கொண்டு போகட்டும், நீங்கள் அதற்கான கட்டணம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி ஒருமுறை செய்தால் அந்த வளாகத்திலிருந்து அடுத்த பத்து அழைப்பும் உங்களுக்கே வரும். ஒரே எச்சரிக்கை: காற்றோட்டம் இல்லாத தளத்தில் இன்ஜினை ஓடவிட்டுப் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் மேலே வந்துவிடுங்கள்.

பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் ரிமோட்டுக்குள் ஒரு சாவி ஒளிந்திருக்கும். அதை உருவி, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, பானெட்டைத் திறக்கலாம். ரிமோட்டின் பேட்டரியும் போயிருந்தால் பல மாடல்களில் ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்தால் வேலை செய்யும். சில பி.எம்.டபிள்யூ. மாதிரியான கார்களில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கும். கரண்ட் இல்லாமல் டிக்கி திறக்காது. பதற வேண்டாம், ஜம்ப் கொடுக்கத் தனி முனைகள் பானெட்டுக்குக் கீழே இருக்கும்.

ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் 12 வோல்ட் கொடுப்பது வீண் இல்லை. எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கை விடுவிக்கவும், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரவும், ஸ்டீரிங் பூட்டைத் திறக்கவும் அந்தக் கரண்ட் வேண்டும். வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் கியர் 'பி'யில் மாட்டிக்கொண்டால், லீவருக்குப் பக்கத்தில் நகத்தால் பெயர்க்கும் அளவுக்கு ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள் ஸ்குரூடிரைவரை அழுத்திக்கொண்டே பிரேக்கை மிதித்து லீவரை நகர்த்தினால் வரும்.

மாருதியின் ஏ.ஜி.எஸ். போன்ற ஏ.எம்.டி. கார்களில், அதாவது மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் கார்களில், 'பி' என்ற இடமே கிடையாது. நிறுத்தும்போது கியரிலேயே போட்டுவிட்டு இறங்குவார்கள். அப்புறம் பேட்டரி போனால் கார் கியரிலேயே பூட்டிக்கொண்டு நிற்கும். லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினாலும் உள்ளே கியர் நகர்ந்திருக்காது. அதை நகர்த்துவது மின்சாரத்தில் இயங்கும் கருவி. புதியவர்கள் லீவரைப் பார்த்துவிட்டு "நியூட்ரல்தான் சார்" என்று இழுக்க ஆரம்பிப்பது இங்கேதான். கரண்ட் கொடுத்து, இக்னிஷன் போட்டு, பிரேக்கை மிதித்து 'என்' போடுங்கள். மீட்டரில் 'என்' தெரிந்தால்தான் நியூட்ரல்.

எல்லாம் சரி, ஆனால் கார் அசையவில்லை என்றால் பிரேக் ஒட்டியிருக்கிறது. மழைக்காலத்துக்குப் பிறகு இது சகஜம். டிஸ்க் துருப்பிடித்துப் பேடோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது பின் டிரம்முக்குள் ஷூ ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தைக் கழற்றி டிரம்மின் முகத்தில் சுற்றிச் சுற்றி ரப்பர் சுத்தியால் தட்டினால் பெரும்பாலும் 'டக்' என்று விடுபடும் சத்தம் கேட்கும். முன்னும் பின்னுமாகச் சற்று ஆட்டிப் பாருங்கள். வின்ச் (ரோப்பைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) போட்டு முரட்டுத்தனமாக இழுத்தால் ஷூவின் லைனிங் பிய்ந்துகொண்டு வரும்.

டயரில் காற்று இல்லாவிட்டால் கையடக்கக் கம்ப்ரஸர் போதும். பஞ்சர் ஒட்ட வேண்டியதில்லை, ரேம்ப் ஏறும்வரை காற்று நின்றால் சரி.

எலெக்ட்ரிக் கார்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றிலும் பெரும்பாலும் போவது பெரிய பேட்டரி அல்ல, சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அதற்குக் கரண்ட் கொடுத்தால் எழுந்துகொள்ளும். எழவில்லை என்றால் மோட்டார் இருக்கும் சக்கரம் தரையில் சுற்றக் கூடாது. சுற்றினால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிவிடும். நெக்ஸான் இ.வி., இசட்.எஸ். இ.வி. இரண்டுக்கும் முன்சக்கரத்தில் விசை. மஹிந்திரா பி.இ. 6, இந்தியாவில் விற்கும் அயோனிக் 5 ஆகியவற்றுக்குப் பின்சக்கரத்தில். அந்தச் சக்கரங்களை டாலியில் ஏற்றிவிடுங்கள். காரின் கையேட்டில் டோயிங் பக்கத்தைப் போனில் இறக்கிப் படித்துவிட்டே கை வையுங்கள். ஆரஞ்சு நிற வயரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள்.

டாலியும் அதன் எல்லையும்

உருளவே மாட்டேன் என்கிற சக்கரத்துக்கு டாலி. காலால் மிதித்தால் இரண்டு உருளைகளும் டயரை இருபக்கமும் நெருக்கித் தூக்கும் வகைதான் பேஸ்மென்டுக்கு ஏற்றது. நான்கு வாங்கிவைத்தால் காரைப் பக்கவாட்டில்கூட நகர்த்தலாம். இரண்டு தூண்களுக்கு நடுவில், மூக்கு சுவரில் ஒட்டி நிற்கும் காரை அப்படியே அரை அடி இந்தப் பக்கம் தள்ளி வெளியே எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. தாங்குதிறன் அதன் உடலிலேயே அச்சிட்டிருக்கும். ஃபார்ச்சூனர் மாதிரி இரண்டு டன்னைத் தாண்டும் வண்டிகளுக்கு அதைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

ஆனால் ஒன்று. எல்லாத் திசையிலும் சுழலும் சின்னச் சக்கர டாலி சமதளத்துக்கு மட்டும்தான். அதற்குப் பிரேக் கிடையாது. பேஸ்மென்ட் தரை பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும், தண்ணீர் வடிவதற்காக வடிகாலை நோக்கி மெல்லிய சரிவு கொடுத்திருப்பார்கள். நான்கு டாலியில் ஏற்றிய கார் தானாகவே அந்தப் பக்கம் நகர ஆரம்பிக்கும். எப்போதும் ஒருவர் ஆப்புக் கட்டையோடு கூடவே நடக்க வேண்டும். வடிகால் மூடியைத் தாண்டும்போது அதன்மேல் பலகை போட்டுத் தாண்டுங்கள்.

ரேம்ப்பின் அடிக்கு வந்ததும் சின்ன டாலியை எடுத்துவிட வேண்டும். அப்போதும் சக்கரம் பூட்டியே இருந்தால், நிலையான அச்சும் பெரிய சக்கரமும் உள்ள டோயிங் டாலி தேவைப்படும். அதை அண்டர்லிஃப்ட் வண்டியோடு, அதாவது காரின் முன்சக்கரங்களையோ பின்சக்கரங்களையோ மட்டும் தூக்கி இழுக்கும் வண்டியோடு, சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். அது இல்லை என்றால் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். காலிப்பரில் பொருத்திய எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் மோட்டாரை இரண்டு போல்ட்டில் கழற்றி, உள்ளே இருக்கும் தண்டைக் கையால் திருகிப் பிரேக்கை விடுவிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்வதற்கு முன்னால் எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிடுங்கள், பிறகு அந்தக் காருக்கு ஹேண்ட்பிரேக்கே இல்லை.

ரேம்ப் ஏற்றம்

இதுதான் ஆபத்தான பகுதி. இரண்டே வழிகளை நான் ஒப்புக்கொள்வேன்: ஒன்று, உயரம் குறைந்த சின்ன ரெக்கவரி வண்டி; இன்னொன்று, நேரான ரேம்ப் என்றால் மேலேயிருந்து வின்ச். செக்யூரிட்டி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து "தள்ளிவிடலாம் சார்" என்பார். மேலே சொன்ன 200 கிலோ கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு பேரும் நிற்கப்போவது காருக்குப் பின்னால், சரிவின் கீழ்ப்பக்கத்தில். ஒருவர் கால் வழுக்கினால் போதும். இன்னொரு காரில் கயிறு கட்டி இழுக்கும் யோசனையும் வரும். கயிறு அறுந்தால் கீழே போகிற காரை நிறுத்த ஒன்றும் இருக்காது: இன்ஜின் ஓடாத காரில் பிரேக் பூஸ்டர் இரண்டு மூன்று மிதியோடு சரி, அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி இறுகிவிடும்.

சின்ன ரெக்கவரி வண்டி என்பது பொலேரோ பிக்கப் போன்ற ஒன்றில் அண்டர்லிஃப்ட் பொருத்தியது. உயரம் ஆறடிக்குச் சற்று மேல் என்பதால் பெரும்பாலான பேஸ்மென்டுக்குள் போய்விடும். வளைந்த ரேம்ப்பு என்றால் இதுவே ஒரே வழி. விசை போகும் சக்கரத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டும், ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும், பெல்ட்டால் டயரைக் கட்ட வேண்டும், பாதுகாப்புச் சங்கிலியும் போட வேண்டும். இந்தளவு எல்லோரும் சொல்லித்தருவார்கள். ரேம்ப்பில் நடப்பதை யாரும் சொல்வதில்லை. உங்கள் முன்சக்கரம் சரிவில் ஏறியதும் வண்டியின் வால் தாழும். பின் அச்சிலிருந்து அண்டர்லிஃப்ட் ஒன்றரை மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய 19 செ.மீ. கீழே இறங்கிவிடும். பத்து செ.மீ. மட்டும் தூக்கியிருந்தால் காரின் சக்கரம் தரையில் இடிக்கும். ரேம்ப்பின் மேல்முனையில் இதற்கு நேர்மாறு: முன்சக்கரம் சமதளத்துக்கு வந்ததும் வால் எழும், காரின் முன்பகுதி கூடுதலாகத் தூக்கப்படும், பின் பம்பர் கான்கிரீட்டைத் தேய்க்கும். ஆகவே அடிவாரத்தில் நிறுத்தி லிஃப்டைச் சற்று உயர்த்துங்கள். மேலே சேருவதற்கு முன் சற்றுத் தாழ்த்துங்கள். கூட வருகிறவர் பம்பரைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்கட்டும். தரை ஈரமாக இருந்தால் டயர் சுற்றும். முதலில் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஏறுங்கள்.

வின்ச் வழிக்கு ரேம்ப் நேராக இருக்க வேண்டும். மூன்று மீட்டர் ஆழத்துக்கு எட்டுக்கு ஒன்று சரிவு என்றால் ரேம்ப்பின் நீளம் மட்டுமே 24 மீட்டர். உங்கள் ரோப் 15 மீட்டர் என்றால் எட்டாது. நீட்டிப்பு ஸ்லிங் போட்டு இழுத்து, நடுவில் நிறுத்திக் கட்டை கொடுத்து, மறுபடி கட்டி இழுக்க வேண்டிவரும். நடுவில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காத விஷயம். முடிந்தால் 30 மீட்டர் ரோப் வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மில் குறைந்தது ஐந்து சுற்று எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். வின்ச்சில் எழுதியிருக்கும் இழுவிசை டிரம்மின் முதல் அடுக்குக்கு உரியது. ரோப் சுற்றிச் சுற்றி அடுக்கு ஏற ஏற இழுவிசை குறையும். கார் ரேம்ப்பின் உச்சிக்கு வரும்போது வின்ச் திணறுவது இதனால்தான்.

பிளாட்பெட்டை ரேம்ப்புக்கு நேர்க்கோட்டில் நிறுத்தி, எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். காரில் கட்டுவதற்கு டிக்கி டூல்கிட்டில் இருக்கும் இழுவளையத்தை எடுத்து பம்பர் மூடிக்குள் திருகுங்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா போன்றவற்றில் இடது மறை. வழக்கம்போல வலப்பக்கம் திருகினால் ஏறாது. கடைசிவரை முழுதாகத் திருக வேண்டும், பாதியில் விட்டால் வளைந்துவிடும். சஸ்பென்ஷன் ஆர்மிலோ ரேடியேட்டர் தாங்கியிலோ ஹூக்கை மாட்டுகிற வழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம்.

இழுக்கும்போது யார் எங்கே நிற்பது என்பதை முன்பே பேசிவிடுங்கள். காருக்குள் ஒருவர் ஸ்டீரிங்குக்கு. வின்ச் ரிமோட்டோடு ஒருவர், ரோப் கோட்டிலிருந்து விலகி. ஆப்புக் கட்டையோடு ஒருவர், பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில், கட்டையைச் சக்கரத்தோடு சேர்த்து நகர்த்திக்கொண்டே வர. காருக்குப் பின்னால் யாரும் கூடாது. வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் கண்டிப்பாகக் கூடாது. எஃகு ரோப் என்றால் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தால் சீறி அடிக்கும் வேகம் குறையும்.

வளைவில் கப்பி போட்டு ரோப்பைத் திருப்பலாமே என்று கேட்பீர்கள். திருப்பலாம்தான். ஆனால் கப்பியை எதில் கட்டுவீர்கள்? செங்கோணத்தில் திருப்பினாலே கப்பி தாங்கும் சுமை இழுவிசையைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. தீயணைப்புக் குழாய், கைப்பிடிக் கம்பி, தரையில் நட்ட பொல்லார்டு எதுவும் அதற்கு ஆனது இல்லை. தூணில் கட்டக் கட்டடப் பொறுப்பாளர் சம்மதிக்க வேண்டும். அனுபவம் வரும்வரை வளைவில் வின்ச் வேண்டாம்.

தாழ்வான செடான்கள் ரேம்ப்பின் உச்சியில் வயிறு தட்டும். முன்சக்கரம் உச்சியைத் தாண்டும் இடத்தில் இரண்டு பலகைகளைப் போட்டு முனையைச் சற்று மழுக்கிவிட்டால் தப்பிக்கலாம்.

மழை புகுந்த பேஸ்மென்ட்

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் பேஸ்மென்டுகள் குளமானதை மறக்க முடியாது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சரியான முடிவு. அந்த வாரங்களில் உங்கள் போன் ஓயாது. அப்போதுதான் நிதானம் வேண்டும்.

தண்ணீர் இருக்கும்போது உள்ளே இறங்காதீர்கள். மின் பலகை பல கட்டடங்களில் பேஸ்மென்டிலேயே இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டதாக எலெக்ட்ரீஷியன் வாயால் சொல்ல வேண்டும். தண்ணீரை இறைப்பது கட்டடத்தாரின் பொறுப்பு. வெளியே நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது ஒரேயடியாக இறைத்தால் சுவருக்கும் தரைக்கும் வெளியிலிருந்து அழுத்தம் கூடும் என்பதால் அவர்கள் படிப்படியாகத்தான் இறைப்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

வடிந்த பிறகு பார்த்தால் கார்கள் மிதந்து போய் ஒன்றோடொன்று சாய்ந்து கிடக்கும். முதலில் இன்ஷூரன்ஸுக்காக அப்படியே படம். அப்புறம் வாசலுக்கு அருகில் இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாக. நனைந்த காரில் சாவியைப் போடக் கூடாது, இக்னிஷன்கூட வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும் நிலையில் இன்ஜின் சுற்றினால், தண்ணீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். இங்கே 12 வோல்ட் கொடுத்துக் கியரை மாற்றும் தந்திரமும் கிடையாது, டாலிதான். சேற்றில் டாலி வழுக்கும், ஆகவே பாதையை முதலில் கழுவச் சொல்லுங்கள்.

நனைந்த எலெக்ட்ரிக் காரை ஷெட்டுக்குள்ளோ மற்ற கார்களை ஒட்டியோ நிறுத்தக் கூடாது. பேட்டரிக்குள் புகுந்த தண்ணீர் சில நாள் கழித்தும் தீயைக் கிளப்பலாம். திறந்தவெளியில் தனியாக விடுங்கள்.

மேலே வந்த பிறகு

கார் தெருவுக்கு வந்ததும் முதல் வேலை கட்டை கொடுப்பது. பிறகுதான் ரோப்பைக் கழற்றுவது. பிளாட்பெட்டில் ஏற்றி நான்கு சக்கரத்தையும் டயர்மேல் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். இழுவளையத்தைக் கழற்றி மறுபடி டூல்கிட்டிலேயே போட்டுவிடுங்கள், வாடிக்கையாளர் அடுத்தமுறை தேடுவார்.

அப்புறம் ஒருவர் கீழே போய் வந்த வழியைப் பார்த்துவிட்டு வரட்டும். எண்ணெயோ கூலன்ட்டோ சொட்டியிருந்தால் மணல் அல்லது மரத்தூள் தூவிக் கூட்டிவிடுங்கள். ரேம்ப்பில் இரவு பைக்கில் வருகிறவர் வழுக்கி விழக் கூடாது. கட்டைகள், பலகைகள், டாலி எல்லாம் எண்ணி வண்டியில் ஏற்றுங்கள். செக்யூரிட்டி பதிவேட்டில் கார் எண், வெளியேறிய நேரம், உங்கள் கையெழுத்து. தரை, குழாய், தூண் எதுவும் சேதமில்லை என்று மேனேஜரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.